காரணத்தில் இன்னொருவர் வரக்கூடாது

படகுத்துறை மேலாளருக்கு அவர் காதுபட யாரும் சொல்லாத ஒரு பெயர் உண்டு. பார்க்கலாம். இன்றைக்கு விடுமுறை கிடைக்குமா என்று கேட்டால் பார்க்கலாம். இரண்டாவது படகுக்குப் புதுக் கயிறு வாங்கலாமா என்றால் பார்க்கலாம். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதும் இதையே சொன்னாராம். பெண் வீட்டார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள், இருபத்துமூன்று வருஷம் ஓடிவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் யாரோ அவருக்காக முடிவெடுத்தது நல்லதாகப் போயிற்று.

இந்த மனிதரிடம் போய் ஒரே வாரத்தில் இரண்டு முடிவுகள் வந்து மாட்டின. ஒன்று படகு, மற்றது முட்டி.

முதலில் முட்டி. அது அவருடைய மாமனாருடையது, வலது காலில் இருப்பது. மாமனார் முப்பத்தாறு வருஷம் தபால்காரராக நடந்தே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் வீட்டுக்கு வந்தார். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டு வருஷமாக முட்டி மடங்க மறுக்கிறது. கீழே இறங்க ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் வேண்டும். அதனால் அவர் இறங்குவதே இல்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகும் தபால்காரன் எந்தக் கடிதத்தை எந்த வீட்டில் தப்பாகப் போடுகிறான் என்று கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்.

வியாழக்கிழமை மூன்று பேரும் மருத்துவரைப் பார்த்தார்கள். முட்டியை மாற்றிவிடலாம் என்றார் அவர். வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் ஓர் இடம் காலியாக இருக்கிறது, செய்வதா வேண்டாமா என்று புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போனில் சொல்லிவிட வேண்டும், விட்டால் அடுத்த இடம் எட்டு மாதம் கழித்துத்தான்.

"பத்துப் பேர்ல எட்டுப் பேர் நல்லா நடக்கறாங்க" என்றார் மருத்துவர்.

"மத்த ரெண்டு பேரு?" என்று மேலாளர் கேட்டார்.

அவருடைய மனைவி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். மாமனார் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வீடு திரும்பி, ஒவ்வொரு படியாக ஏறி, இரண்டாவது மாடியில் இளைப்பாற நின்றபோது, "எனக்கென்ன மாப்பிள்ளை, முட்டி நல்லாத்தானே இருக்கு. வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார். வலியில் அவருடைய மேலுதடு வேர்த்திருந்தது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கலாம் மாமா என்றார் மேலாளர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, படகு.

அந்தத் துறையிலிருந்து எதிர்க்கரைக்கு நாற்பது நிமிஷம். முதல் படகு காலை ஆறரைக்கு. மூடுபனி இருந்தால் படகு போகக்கூடாது, இல்லாவிட்டால் போக வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கரையில் நிற்பவருக்கு நடு ஆற்றில் பனி இருக்கிறதா என்று தெரியாது. ஆறு அங்கே திரும்புகிறது, சரக்குக் கொட்டகை வேறு மறைக்கிறது. ஆகவே தினமும் காலையில் யாராவது தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லியாக வேண்டும். விதிப்படி அந்த யாராவது மேலாளர்தான்.

வெள்ளிக்கிழமை கொஞ்சம் புகைமூட்டமாக இருந்தது. முதல் படகை ரத்து செய்தார்கள். அறிவிப்புப் பலகையைத் தொங்கவிட்ட பத்தாவது நிமிஷம் வெயில் வந்தது. சும்மா வந்த வெயில் இல்லை, மண்டையைப் பிளக்கிற வெயில். கண்ணாடி மாதிரி கிடந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரு மணி நேரம் நின்றார்கள். அவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ரத்துப் பதிவேட்டில் மேலாளர் "மோசமான வானிலை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அதைப் பூட்டி வைத்துவிட்டு, விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

முடியவில்லை. திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து இறங்கினார். ஒல்லியான உருவம், கையில் ஒரு காலி பிஸ்கட் டப்பா. மூக்குத் தோல் உரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர் என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

"நான் யாரையும் திட்ட வரல. அன்னைக்கு வேண்டாம்னு முதல்ல நினைச்சது யாருன்னு மட்டும் தெரியணும்" என்றார் அந்த அம்மா.

எல்லாரும் கேப்டனைப் பார்த்தார்கள். படகு ஓட்டுகிற கேப்டன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நான் போகலாம்னுதான் நினைச்சேன் மேடம். ஆனா சார் தலையாட்டல. சார் தலையாட்டினாத்தான் நான் தொப்பி போடுவேன்."

"சார், நீங்க ஏன் தலையாட்டல?"

மேலாளர் மென்று விழுங்கினார். "எனக்கும் போகலாம்னுதான் தோணிச்சு. ஆனா துறை வாசல் டீக்கடைத் தார்ப்பாய் இறங்கியிருந்துச்சு. டீக்கடைக்காரர் இருபது வருஷமா ஆத்தைப் பாக்கறவரு. அவரே தார்ப்பாயை இறக்கிட்டார்னா ஏதோ காரணம் இருக்கும்ல."

டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நான் எங்கம்மா ஆத்தைப் பாத்தேன். டிக்கெட் கவுண்டர் திறந்தா தார்ப்பாயைத் தூக்குவேன், திறக்கலைன்னா இறக்குவேன்."

டிக்கெட் கொடுக்கும் பெண்மணி பதினொரு வருஷமாக அந்தக் கவுண்டரில் இருப்பவர். வேலை நேரத்தில் சில்லறை தவிர எதைப் பற்றியும் பேசி யாரும் கேட்டதில்லை. "இன்ஜின் சத்தம் கேட்டா கவுண்டர் திறப்பேன்" என்றார்.

இன்ஜின்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "கேப்டன் தொப்பி போட்டா இன்ஜினைப் போடுவேன்."

அந்த அம்மா ஒரு தாளில் வட்டமாக அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தவர், அம்பு கிளம்பிய இடத்துக்கே திரும்பியதைப் பார்த்து பேனாவை வைத்தார். தொப்பி தலையாட்டலைப் பார்க்கிறது, தலை தார்ப்பாயைப் பார்க்கிறது, தார்ப்பாய் கவுண்டரை, கவுண்டர் இன்ஜினை, இன்ஜின் தொப்பியை. ஆற்றை ஒருவரும் பார்க்கவில்லை.

"அப்படின்னா எல்லா நாளும் முதல்ல யாராவது ஒருத்தர் அசையணும். அன்னைக்கு முதல்ல என்ன நடந்தது?"

டீக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அன்னைக்கு நான் தார்ப்பாயை இறக்கலம்மா. கயிறு அறுந்துடுச்சு."

இருநூற்றுப் பன்னிரண்டு பேரை வெயிலில் நிறுத்திய அந்த மோசமான வானிலை, ஒரு முழம் நைந்த கயிறு. மேலாளர் தன் காலணியை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா பிஸ்கட் டப்பாவை மேஜையில் வைத்தார். நாளை முதல் காலை ஆறு மணிக்கு எல்லாரும் ஆளுக்கொரு சீட்டு எழுதி இதில் போட வேண்டும். போகலாமா வேண்டாமா, பத்துக்கு எவ்வளவு நிச்சயம், ஒரு வரியில் காரணம். எழுதி முடிக்கிறவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. படிக்கும்போது கடைசிப் பதவியில் இருப்பவர் முதலில், மேலாளர் கடைசியில்.

"இன்னொண்ணு. காரணத்துல இன்னொருத்தர் வரக்கூடாது. அவர் முகம், இவர் தொப்பி, எதுவும் வேண்டாம். உங்க கண்ணு பாத்தது, உங்களுக்குத் தெரிஞ்சது, அவ்வளவுதான்."

செவ்வாய்க்கிழமை டப்பாவைத் திறந்தால், கேப்டன், "சார் சொல்கிறபடி" என்று எழுதியிருந்தார். இன்ஜின்காரர், "போகலாம், பத்து, எனக்குத் தெரியும்" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தார். டிக்கெட் பெண்மணி சீட்டே போடவில்லை, தனக்கு இதில் வேலை இல்லை என்று நினைத்துவிட்டார். மேலாளர் வெறும் தாளை நான்காக மடித்துப் போட்டிருந்தார்.

"பத்துன்னு எழுதறவங்க, தப்பாப் போச்சுன்னா ஒரு வாரம் கவுண்டர்ல உக்காந்து பயணிகளுக்குப் பதில் சொல்லணும்" என்றார் அந்த அம்மா. இன்ஜின்காரர் சீட்டை வாங்கி ஏழாக்கினார். கொஞ்சம் யோசித்து மறுபடி வாங்கி ஆறாக்கினார்.

மேலாளரின் வெள்ளைத் தாளை அந்த அம்மா வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "சார், வெள்ளைத்தாளும் முடிவுதான். நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா படகு நிக்குது. நிறுத்தினது நீங்கதான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது மேலாளருக்கு. அன்று இரவுச் சாப்பாட்டின்போது, நாளைக்குப் புதன் என்ற நினைப்பு அவரை விடவில்லை. மனைவி எதிரில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். போன் பண்ணுவதா, என்ன சொல்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்து மணி தாண்டிவிட்டால் அதுவாகவே முடிந்துவிடும், யாரும் யாரையும் வருத்தப்பட வைக்க வேண்டாம் என்பதுதான் மூன்று பேர் மனத்திலும் ஓடியது.

புதன்கிழமை காலை நிஜமாகவே பனி. கை நீட்டினால் கை தெரியவில்லை என்று சொல்வது மிகை, ஆனால் கொட்டகை தெரியவில்லை. டப்பாவில் ஐந்து சீட்டு விழுந்தது, ஐந்தாவது டிக்கெட் பெண்மணியுடையது. அவர்தான் முதலில் படித்தார், குரல் தனக்கே கேட்டால் போதும் என்பது போல.

"ஏழு மணிக்குப் போகலாம். எட்டு. காரணம், எங்க வீட்டு சமையலறை ஜன்னல்லேர்ந்து மூணாவது மிதவை தெரியும். அஞ்சரைக்கு அதோட சிவப்பு விளக்கு தெரியல. ஆனா பனி அடியில கிழிஞ்சிருந்தது. அடியில கிழிஞ்சா ஏழுக்குள்ள விலகிடும்."

அறையில் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது மிதவை ஆற்றின் நட்டநடுவில் இருக்கிறது. அதைப் பார்க்க முடிந்திருந்தால் இத்தனை வருஷமாகத் தார்ப்பாயைப் பார்த்திருக்க வேண்டியதே இல்லை.

"இது உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?" என்றார் கேப்டன்.

"பதினோரு வருஷமா."

"ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கலையே. எல்லாரும் பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு இருந்துட்டேன்."

ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பனி, கதவைத் திறந்தாற்போல விலகியது. படகு கிளம்பியது. மேலாளர் துறையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனசு படகில் இல்லை. முட்டியைப் பற்றி மருத்துவரைக் கேட்டாயிற்று, தெரிந்த மருந்துக்கடைக்காரரைக் கேட்டாயிற்று, முட்டி மாற்றிக்கொண்ட ஒருவருடைய மச்சானைக்கூடக் கேட்டாயிற்று. முட்டிக்குச் சொந்தக்காரரை யார் கேட்டது?

மூன்று மணிக்கே வீட்டுக்குக் கிளம்பினார். அவர் முன்னதாகக் கிளம்பி யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்துக் காலி செய்து, துடைத்து, மாமனாரின் நாற்காலிக்கு முன்னால் முக்காலியில் வைத்தார்.

"சீட்டுக் குலுக்கப் போறீங்களா? எங்கப்பா முட்டியையா?" என்றாள் மனைவி. கையில் துடைப்பம் இருந்தது.

மேலாளர் விதிகளைச் சொன்னார். பாதி புரிந்தது. மாமனாருக்குத் தாளும் பேனாவும் கையில் வந்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது. "முகவரி எழுதணுமா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

எழுதிப் போட்டார்கள். கடைசிப் பதவிக்காரர் முதலில் படிக்க வேண்டும். அந்த வீட்டில் அது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, மேலாளரே தன் சீட்டை எடுத்துப் படித்தார். "வேண்டாம். அஞ்சு. காரணம், அவளுக்குப் பயம்."

மனைவி தன் சீட்டைப் படித்தாள். "வேண்டாம். அஞ்சு. காரணம், அவருக்கு இஷ்டம் இல்லை."

மாமனார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "வேண்டாம். ஆறு. காரணம், ரெண்டு பேருக்கும் மனசில்லை."

மேலாளருக்குச் சிரிப்பு வந்தது. தார்ப்பாய், தொப்பி, கவுண்டர், எல்லாம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன.

"எனக்கு இஷ்டம் இல்லைன்னு யார் சொன்னா?" என்று மனைவியைக் கேட்டார்.

"நீங்கதானே மத்த ரெண்டு பேரு என்னன்னு டாக்டர்கிட்ட கேட்டீங்க."

"அது உனக்காகக் கேட்டது. நீதான் கேக்கத் தயங்கறேன்னு நெனச்சேன். உடனே எவ்வளவு பெரிய பெருமூச்சு விட்டே."

"பெருமூச்சா? புதுச் செருப்பு கடிச்சுதுங்க. மேஜைக்கு அடியில மெதுவாக் கழட்டினேன், அப்பாடான்னு இருந்தது."

இரண்டு பேரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாச் சீட்டும் செல்லாது" என்றார் மேலாளர். "காரணத்துல இன்னொருத்தர் வரக்கூடாது. மறுபடி எழுதுங்க." தன் குரல் இவ்வளவு கறாராக வரும் என்று அவருக்கே தெரியாது. மணி நாலு நாற்பது.

இந்த முறை எழுத நேரம் பிடித்தது. மனைவி துடைப்பத்தைக் கீழே வைத்தாள். மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டாத பிள்ளை போலக் கையால் மறைத்து எழுதினார்.

மேலாளர்: "செய்யலாம். ஆறு. காரணம், எட்டு மாதத்தில் முட்டி இன்னும் மோசமாகும் என்று எக்ஸ்ரே படத்தில் பார்த்தேன்." மனைவி: "செய்யலாம். ஏழு. காரணம், பள்ளிக்கூடத்தில் எனக்கு இருபது நாள் விடுப்பு இருக்கிறது, எடுக்கத் தயார்."

மாமனார் சீட்டைப் படிக்க மாட்டேன் என்றார். மகள் வாங்கிப் படித்தாள். எழுத்து குண்டு குண்டாக, முகவரி எழுதுகிற எழுத்து.

"செய்யணும். அஞ்சு. காரணம், மூணு மாடி இறங்கிப் போயி, யாரையும் கேக்காம ஒரு டீ குடிக்கணும்."

அவள் அதை இன்னொரு முறை வாசிக்கப் போனாள், முடியவில்லை. தாளை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக அவள் டீ போட்டு அவர் கையில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஒரு நாளும் அவர் குறை சொன்னதில்லை.

"அஞ்சுன்னா பாதிதானே மாமா" என்றார் மேலாளர் மெதுவாக.

"ஆமா. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் நானா இருக்கலாம்ல. பயமாத்தான் இருக்கு. ஆனாலும் செய்யணும்."

மணி நாலு ஐம்பத்தாறு. மேலாளர் போனை எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண், பெயரைக் கேட்டு, தாள் புரட்டி, "செய்யறீங்களா, இல்லையா சார்?" என்றாள். அவர் வாய் பழக்கத்தில் "பார்" என்று குவிந்தது. சட்டென்று திரும்பி, யார் முகமும் கண்ணில் படாதபடி சுவர்க் காலண்டருக்கு நேராக நின்றுகொண்டார். "செய்யறோம்" என்றார்.

செய்தார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் முட்டி எட்டுப் பேரிலும் சேரவில்லை, இரண்டு பேரிலும் சேரவில்லை. வலி போயிற்று, ஆனால் பாதிக்குமேல் மடங்கவில்லை. மூன்று மாதம் பயிற்சி கொடுத்தும் அவ்வளவுதான். மாமனார் பலகையை நிமிர்த்தி வைத்தாற்போல ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் நடந்தார். மேலாளருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் சொன்ன வாய் என்னுடையது, அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒரு நாள் மாமனாரிடமே சொல்லிக் குமுறினார்.

"என்ன அவசரம். அன்னைக்கு எழுதின சீட்டு சர்க்கரை டப்பாவுலதான் கெடக்கு, எடுத்துப் பாருங்க. இன்னைக்கு எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்" என்றார் மாமனார். "முகவரி சரியாத்தான் போட்டோம் மாப்பிள்ளை. வீடு பூட்டியிருந்தா தபால்காரன் என்ன பண்ணுவான்."

துறையில் இதற்குள் சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது, யார் எத்தனை முறை சரியாகச் சொன்னார்கள் என்று. டிக்கெட் பெண்மணி முதலிடம். மேலாளர் நடுவில். இன்ஜின்காரர் ஐந்துக்குமேல் எழுதுவதையே விட்டுவிட்டார். டீக்கடைக்காரர் புதுக் கயிறு கட்டியிருந்தார், யாரும் அதைப் பார்ப்பதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஒரு நாள் காலை முதல் படகு போன பிறகு மேலாளர் அலுவலக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, அப்பா வீட்டுல இல்ல. சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிட்டார். ஊன்றுகோலையும் காணோம்."

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். துறைச் சாலை முனையில் மாமனார் வந்துகொண்டிருந்தார். வலது காலைப் பக்கவாட்டில் வீசி, ஊன்றி, நின்று, மறுபடி வீசி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூன்று மாடி. டீக்கடைக்கு முன்னால் சாக்கடைமேல் ஒரு பலகை போட்டிருக்கும், அது ஆடும். பலகைக்கு முன்னால் அவர் நின்றார். மேலாளர் தன்னையறியாமல் எழுந்துவிட்டார்.

"இங்கதான் வந்திருக்கார். டீக்கடைகிட்ட நிக்கறார்."

"அய்யோ, போய்க் கையைப் பிடிங்களேன்."

மேலாளர் கதவு வரை போனார். கைப்பிடியைத் தொட்டார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"மாட்டேன்" என்றார்.

"பத்துக்கு எத்தனை?" என்று கேட்டாள் மனைவி.

"பத்து."

"தப்பாப் போச்சுன்னா கவுண்டர்ல நீங்கதான் உக்காரணும். ஒரு வாரம் இல்ல, ஆயுசுக்கும்."

"உக்காரறேன்."

மாமனார் ஊன்றுகோலைப் பலகையின் அந்தப் பக்கம் வைத்தார். இடது காலை எடுத்து வைத்தார். வலது காலை ஒரே வீச்சாக இழுத்துக்கொண்டார். பலகை ஆடியது, ஆனால் அவர் அந்தப் பக்கம் இருந்தார். பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, டீக்கடைக்காரரிடம் ஏதோ சொன்னார். கிளாஸை இரண்டு கையாலும் வாங்கி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் குடித்தார். மேலாளர் மூச்சு விட்டது போனில் கேட்டிருக்க வேண்டும்.

"குடிச்சிட்டாரா?" என்றாள் மனைவி. குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "சர்க்கரை கம்மியாப் போடச் சொன்னாரா? டாக்டர் ஒண்ணுக்குமேல குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

கீழே மாமனார் காலி கிளாஸை நீட்டி, இன்னொன்று போடச் சொன்னார்.

"ஒண்ணுதான் குடிச்சார்" என்றார் மேலாளர்.